ரிஜெக்ட் சார் போட்ட பத்து மார்க்

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ‘ரிஜெக்ட்’ என்று பெயர். வயதில் மூத்தவர்கள் வெறும் ரிஜெக்ட் என்பார்கள், சின்னவர்கள் மரியாதை கெடாமல் ரிஜெக்ட் சார் என்பார்கள். அவருக்கு இதில் துளி வருத்தம் கிடையாது. மேடையில் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வருத்தமெல்லாம் எனக்குத்தான். ஒருநாள் கடைத்தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன், அவரோடு வேலை பார்க்கிறவன் ஒருத்தன் பக்கத்தில் நின்றவனிடம், "அதோ போறாங்க பாரு, ரிஜெக்ட் சம்சாரம்" என்றான். கேட்கிறவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பெயருக்குக் காரணம் அவர் பார்க்கிற வேலை. அங்கே சக்கரங்களுக்குள் சுழல்கிற எஃகுக் குண்டுகளைச் செய்கிறார்கள். வெட்டி, உருட்டி, தேய்த்து, எண்ணெயில் குளிப்பாட்டிய குண்டுகள் கடைசியாக ஒரு மேஜைக்கு வரும். அந்த மேஜைதான் இவருடையது. கையில் இரண்டு வளையங்கள். முதல் வளையத்துக்குள் குண்டு நுழைய வேண்டும், இரண்டாவதற்குள் நுழையக் கூடாது. மாறிப் போனால் சிவப்பு மையில் ஒரு பொட்டு, பக்கத்து வாளியில் ‘டங்’. இருபத்தாறு வருடமாக அந்த ‘டங்’கில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. மேலதிகாரி வந்து, "அவசர ஆர்டர், கொஞ்சம் கண்டுக்காம விடுங்க" என்று தோளைத் தட்டினாலும், தட்டிய கை இறங்குவதற்குள் ஒரு ‘டங்’ விழும். இவர் சீல் குத்திக் கையெழுத்துப் போட்ட பெட்டியை வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லையாம். இவரைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் ஒருத்தர் வாய் திறந்ததில்லை.

இதை அவர் தொழிற்சாலையோடு விட்டிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? வீட்டுக்கும் கொண்டுவந்தார். தக்காளி வாங்கப் போனால் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், அது தக்காளி சார், எஞ்சின் இல்ல" என்று கும்பிட்டார். துணி காயப்போட்டால் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே விரல் வைத்து அளப்பார். எங்கள் மகள் ஆறு வயதில் குடியிருப்புப் பிள்ளைகளோடு சாக்குப் பந்தயம் ஓடினாள். நடுவர் யார் என்று கேட்கவேண்டுமா? முதலில் வந்த சொந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல், "இவ விசிலுக்கு முன்னாடியே குதிச்சா, செல்லாது" என்று சொல்லிவிட்டார். அவள் இப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் இன்னும் அந்தச் சாக்கை விடமாட்டேன் என்கிறாள்.

இந்தக் கண்கொத்திப் பார்வைக்கு என் சமையலில் மாட்டியது கறி உருண்டை. கொத்துக்கறியை உருட்டிப் பொரித்து, இனிப்பும் புளிப்புமான தக்காளிச் சாற்றில் போட்டுக் கொதிக்கவிடுவது. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதுதான். கல்யாணமான முதல் வருடம், ஒருநாள் சாயங்காலம் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை என் கையில் கொடுத்து, "உனக்காகக் கடைசல் பிரிவுல சொல்லிச் செய்ய வெச்சேன்" என்றார். எனக்கு முகமெல்லாம் பல். பிரித்தால் பளபளவென்று ஒரு எஃகு வளையல். ஆசையாகக் கையில் மாட்டப் பார்க்கிறேன், விரலைத் தாண்டவில்லை.

"அது கைக்கு இல்லம்மா. உருண்டைக்கு. எல்லாம் ஒரே அளவா இருந்தாத்தானே ஒரே நேரத்துல வேகும்?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எரிச்சல். நியாயமில்லாமல் பேசுகிற புருஷனோடு சண்டையாவது போடலாம்.

அன்று முதல் ஞாயிறுதோறும் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் உருட்டி உருட்டித் தட்டில் வைப்பேன், அவர் ஒவ்வொன்றாக வளையத்தில் விட்டுப் பார்ப்பார். நுழையாதது திரும்பக் கிண்ணத்துக்கு. லொடலொடவென்று நுழைந்ததும் திரும்பக் கிண்ணத்துக்கு. சாற்றுக்குச் சர்க்கரை கரண்டிக் கணக்கு, எலுமிச்சை சொட்டுக் கணக்கு. இத்தனை பாடும் பட்டு, ஆவி பறக்கத் தட்டில் போட்டுக் கொடுத்தால், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார்: "பரவாயில்ல." இருபத்திரண்டு வருடமாக அதே வார்த்தை. ஒரு ஞாயிறாவது வாய் தவறி ‘நல்லா இருக்கு’ என்று வந்துவிடாதா என்று நானும் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வாய் தவறாது.

போன வருடம் தொழிற்சாலை கேன்டீன் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டுத் தன் மகன் வீட்டோடு போகப்போவதாகச் செய்தி வந்தது. அவர் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வெளியாட்களும் விண்ணப்பம் போடலாம் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் போட்டேன்.

ஏன் போட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் எந்த அணியிலும் என்னை எடுத்ததில்லை. படிப்பு முடித்துப் போன நாலு இடத்திலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கேன்டீன் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆறு பெரிய அடுப்பு, சுவர் நீளத்துக்குக் கழுவுகிற தொட்டி, குழந்தையையே குளிப்பாட்டலாம் போன்ற அண்டாக்கள், முந்நூறு பேர் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். பார்த்த அன்றிலிருந்து எனக்கு அது வேண்டும். ஆசை என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும். வெறி.

பன்னிரண்டு பேர் விண்ணப்பித்து, பேசி, வடிகட்டி, கடைசியில் இரண்டு பேர் நின்றோம். நானும் ஐஸ்கிரீம்காரம்மாவும். பள்ளிக்கூட வாசலில் பல வருடம் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவள். சாலையை அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது. நல்ல பெண், கலகலவென்று சிரிப்பாள். திட்டுவதற்கு ஒரு காரணம்கூடக் கிடைக்காத எதிரி.

இரண்டு பேரும் கறி உருண்டை செய்துகொண்டுவர வேண்டும் என்றார் மேனேஜர். பழைய மாஸ்டர் வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் போடுவார், சுவரில் அடித்தால் திரும்பிக் கைக்கு வரும். அதனால் புது ஆளாவது அதை ஒழுங்காகச் செய்கிறாரா பார்ப்போம் என்று தொழிலாளர்கள் அதையே கேட்டார்களாம். கேன்டீன் கொடுக்கிற ஒரே மாதிரிப் பாத்திரத்தில், வீட்டில் சமைத்து, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பின்வாசலில் கிளார்க்கிடம் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண் போட்ட தட்டு உள்ளே போகும். எது யாருடையது என்று கிளார்க்குக்கு மட்டும்தான் தெரியும். ருசி பார்க்க மூன்று பேர். மேனேஜர், யூனியன் தலைவர், மூன்றாவதாக நாக்கில் நேர்மை உள்ள ஒரு ஆள் வேண்டுமாம். மொத்தக் கூடமும் இவர் பக்கம் கை நீட்டியிருக்கிறது.

"அவர் சம்சாரமே போட்டியில இருக்காங்களே?" என்று மேனேஜர் கேட்டாராம்.

யூனியன் தலைவர் சிரித்துவிட்டு, "அதனாலதான் சார் அவர் வேணும். பெத்த பொண்ணையே பந்தயத்துல செல்லாதுன்னு சொன்ன மனுஷன்" என்றாராம்.

கேட்டதும் எனக்குத் தலையில் இடி விழுந்தது. இவரைப் பற்றி அவர்களுக்குப் பாதிதான் தெரியும். எனக்கு முழுசாகத் தெரியும். என் தட்டு எது என்று கண்டுபிடித்துவிட்டால், பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இவர் என் மார்க்கைத்தான் முதலில் வெட்டுவார். கிடைக்கவேண்டியதிலும் இரண்டைக் குறைப்பார். சாக்கு என் மகளோடு போகவில்லை, எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்.

"இனிமே என்கிட்ட இதப் பத்திப் பேசாத. நானும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வெறும் ரொட்டியும் பாலும் சாப்பிட்டார். நாக்கு சுத்தமாக இருக்கவேண்டுமாம். நான் என்ன சமைத்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். ஆளை விடு சாமி என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் மூளை சும்மா இருக்கவில்லை. இவர் என் உருண்டையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? ருசியாலா? இவராவது ருசி பார்ப்பதாவது. அளவால்தான்! அப்படியானால் அளவைக் கலைத்துவிட்டால் போதும். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவர் கிளம்பியதும், வளையத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைக்கப் போனேன். வழக்கமான ஆணியில் காணோம். எங்கேயோ கிடக்கட்டும், நல்லதாகப் போச்சு என்று வேலையை ஆரம்பித்தேன்.

அன்றைக்குச் சமைத்ததுபோல் நான் என்றைக்கும் சமைத்ததில்லை. பாலில் ஊறவைத்த ரொட்டியைப் பிழிந்து, துருவிய வெங்காயம், பூண்டு, முட்டை, மிளகுத்தூள், உப்பு எல்லாம் சேர்த்துக் கறியை மெதுவாகப் பிசைந்தேன். இறுக்கிப் பிசைந்தால் கல்லாகிவிடும். கையை ஈரமாக்கிக்கொண்டு உருட்ட ஆரம்பித்தேன் பாருங்கள், ஒன்று எலுமிச்சை, ஒன்று கோலிக்குண்டு, ஒன்று இரண்டுக்கும் நடுவே அம்மை போட்டமாதிரி. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. வாய்விட்டுப் பாடிக்கொண்டே உருட்டினேன். சாற்றுக்கும் கரண்டியைத் தொடவில்லை. சர்க்கரையைக் கையால் அள்ளிப் போட்டுச் சிவக்க உருக்கி, தோலுரித்து மசித்த தக்காளியை அதன் தலையில் கொட்டினேன், சுர்ரென்று சீறியது. எலுமிச்சைக்குப் பதில் வினிகர் விட்டேன். உருண்டைகளைப் பொரித்துப் போட்டு மூடிவைத்தால், சின்னச் சின்னதெல்லாம் கொதியில் உடைந்து கரைந்து சாற்றைக் கெட்டியாக்கிவிட்டது. பெரியதெல்லாம் உள்ளே ஈரம் குறையாமல் அப்படியே நின்றது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் அந்த வளையம் என்னை என்னவெல்லாம் செய்யவிடாமல் வைத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பின்வாசலில் ஐஸ்கிரீம்காரம்மாவும் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். எனக்குக் கண் விரிந்துவிட்டது. அத்தனை உருண்டையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு.

"எப்படிக்கா இப்படி?"

"கடையில ஐஸ்கிரீம் அள்ளற கரண்டி இருந்துச்சுல்ல? அதாலயே அள்ளி அள்ளிப் போட்டுட்டேன். உருட்டற வேலையே மிச்சம்!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் சிரித்ததற்கும் நான் சிரித்ததற்கும் சம்பந்தமில்லை. இதைப் பார்த்த மாத்திரத்தில் இவர் என்னுடையது என்று நினைப்பார், நேர்மை பொங்கும், மார்க்கை வெட்டித் தள்ளுவார். நான் பாட்டுக்குச் சும்மா இருந்தாலே ஜெயித்துவிடுவேன். ஐயோ பாவம், நல்ல பெண்ணாயிற்றே என்று மனசாட்சி லேசாகக் குத்தியது. குத்தட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முடிவை மறுநாள் காலையில்தான் பலகையில் ஒட்டுவார்கள். இவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். வரும்போதே ஏதோ சரியில்லை. கையில் ஒரு பை ஆரஞ்சு. பையைக் கவிழ்த்தால் அழுகியது இரண்டு, நசுங்கியது ஒன்று. பார்க்காமல் வாங்கியிருக்கிறார்! எனக்குப் பயமே வந்துவிட்டது.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உக்காரு." திருட்டு முழி முழித்தார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வெளிய சொல்லக் கூடாது. உன்கிட்ட சொல்லாம இருக்கவும் முடியல."

உட்கார்ந்தேன்.

"ஆளுக்கு ரெண்டு தட்டு வந்துச்சு. முதல் தட்டப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு…" என்று சட்டைப் பையிலிருந்து அந்த வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மேஜைக்குக் கீழ வெச்சு அளந்து பாத்தேன். ஆறு உருண்டையும் அப்படியே நுழையுது. இந்த உலகத்துல வேற யாரு அப்படி உருட்டுவா? நீதான். உடனே கொறச்சுப் போடணும்னுதான் பேனாவை எடுத்தேன். எடுத்துட்டு யோசிச்சேன். பொண்ண அழ வெச்சது பத்தாதா? இவ எத்தன வருஷமா நான் திருப்பிப் போட்டதையெல்லாம் வாயத் திறக்காம மறுபடி உருட்டியிருக்கா. ஒரு தடவையாவது இவளுக்கு நான் ஏதாவது பண்ணணும்னு தோணிச்சு. பத்துக்குப் பத்து போட்டேன்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "முதல் தட்டுக்கா?"

"ஆமா, உன் தட்டுக்கு. கோவிச்சுக்காத, உண்மையச் சொன்னா அது ஆறுதான் தேறும். சாறு இன்னிக்குத் தண்ணியா இருந்துச்சு. கறியும் கொஞ்சம் இறுகிப் போச்சு. பயத்துல செஞ்சிருப்ப போல." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த ரெண்டாவது தட்டு இருக்கே…"

"அதுக்கு என்ன?"

"பாக்கவே சகிக்கல. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, நாய் கடிச்சுப் போட்ட மாதிரி. வேண்டா வெறுப்பா ஒண்ண எடுத்து வாயில வெச்சேன். கண்ண மூடிட்டேன்மா. முதல்ல இனிப்பு, அது போகறதுக்குள்ள புளிப்பு, கறி பஞ்சு மாதிரி. சாறு நாக்க விட்டுப் போகவே மாட்டேங்குது. என் வாழ்நாள்ல நான் அப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல. ருசி பாக்க ஒண்ணு போதும்னு சொன்னாங்க. நான் அஞ்சு தின்னுட்டேன்."

"அதுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"நாலு." தலையைக் குனிந்துகொண்டார். "மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னுட்டாங்க. என் தாள்தான் தீர்மானம் பண்ணிச்சு. அந்த அம்மா கை தங்கம். அந்தக் கைக்கு நான் துரோகம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

என் வயிறு எரிந்தது. அதே வயிற்றில் யாரோ பாலையும் வார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் இந்த மனுஷன் போட்ட ஒரே பொய்க் கணக்கு, எனக்காகப் போட்டது, என் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுவிட்டது. வாரிப் போடுவதற்கு வழிசெய்து கொடுத்தவள் நான். சிரிப்பதா அழுவதா தெரியாமல், முதலில் எனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டேன்.

"அந்தச் சாறு எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். ஒன்றும் புரியாமல் மூன்றாவது தடவையும் சொன்னார். காது குளிரக் கேட்டேன். பிறகுதான் சொன்னேன், "அது நான் செஞ்சதுங்க."

அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. வளையத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஐஸ்கிரீம் கரண்டிக் கதையைச் சொன்னதும் எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க?"

"மேனேஜர் ஏழு மணி வரைக்கும் இருப்பார்."

"போய் என்னன்னு சொல்வீங்க? பொய் மார்க் போட்டேன்னா? இருபத்தாறு வருஷமா சேத்த பேரு ஒரே சாயங்காலத்துல போயிடும்."

"பேரு என்னோடது. நான் பாத்துக்கறேன். வேலை உன்னோடது."

இந்த இடத்தில், ‘வேண்டாங்க, உங்க பேருதான் முக்கியம், எனக்கு வேலை வேண்டாம்’ என்று கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். நல்ல மனைவிகள் அப்படித்தான் செய்வார்கள். நான், "சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க, சரியாப் போட்டுட்டுப் போங்க" என்றேன்.

ஒன்றரை மணிநேரம் கழித்து வந்தார். ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, உண்மையான மார்க் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது தட்டுக்குப் பத்து என்றிருக்கிறார் இவர். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாராம்.

"‘மத்தியானம் சம்சாரம்னு நெனச்சுப் பத்து போட்டீங்க. இப்ப சம்சாரம்னு தெரிஞ்சு பத்து போடறீங்க. இதுல எந்தப் பத்தை நான் நம்பறது?’ன்னு கேட்டார். என் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டார். வெள்ளிக்கிழமை திரும்ப வைக்கறாங்க. எனக்குப் பதிலா கேட் வாட்ச்மேன்."

"வாட்ச்மேனா! அந்த ஆளு தன் கல்யாணச் சாப்பாட்டுலயே உப்பு ஜாஸ்தின்னு சொன்னவராச்சே!"

"அதனாலதான்." காலிக் குவளையைக் கவிழ்த்து வைத்தார். "பெட்டிக்குக் குத்தற சீல் கட்டைய மேனேஜர் மேஜைமேல வெச்சுட்டு வந்துட்டேன். அவர் கேக்கல, நானாத்தான். இந்த வாரம் பெட்டிக்கு வேற யாராவது கையெழுத்துப் போடட்டும். பொய் போட்ட கை கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்."

அந்தச் சீல் இல்லாமல் அவர் ஒரு நாள்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் அழுதுவிடுவேன், அவர் பாட்டுக்குக் கண்ணீர்த் துளியை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த இரண்டு நாளும் தொழிற்சாலையில் அவரைப் படுத்தி எடுத்துவிட்டார்கள். "பத்து மார்க் சார், என் டீயையும் கொஞ்சம் ருசி பாருங்க" என்பார்களாம். "உங்க வீட்டம்மாவுக்குப் போட்ட பேனாவ இரவல் குடுங்க சார்" என்பார்களாம். யூனியன் தலைவரே வந்து, "எங்க சம்சாரத்துக்கு விஷயம் தெரிஞ்சு போச்சுய்யா, நீ எனக்கு என்ன பண்ணினேன்னு கேட்டு உயிர எடுக்கறா" என்று அழாக்குறையாகச் சொன்னாராம். இதையெல்லாம் இவர் என்னிடம் வந்து வரி விடாமல் ஒப்பிப்பார். முகத்தில் வெட்கமும் இருக்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் பெருமையும் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடி கண்டபடி உருட்டினேன். இந்த முறை ஒளிக்கிறதற்கு ஒன்றுமில்லை, ருசிக்காகவே அப்படி. கேன்டீனுக்குள்ளே மேனேஜர், யூனியன் தலைவர், வாட்ச்மேன் மூவரும் உட்கார்ந்தார்கள். நானும் ஐஸ்கிரீம்காரம்மாவும் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றோம். போட்டி என்றால் இப்படித்தான், எதிரியின் கைதான் பிடிக்கக் கிடைக்கிறது. வாட்ச்மேன் முதல் தட்டில் ஒன்று தின்றார், உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது தட்டில் ஒன்று தின்றார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மீதியையும் தின்றார். மேனேஜர் இன்றைக்கும் அவள் பக்கம்தான். மற்ற இரண்டு பேரும் என் பக்கம். கிளார்க் முடிவைப் படித்ததும் ஐஸ்கிரீம்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "அந்தச் சாறுல என்னடி போட்ட, பாவி?" என்று காதுக்குள் கேட்டாள்.

இந்தச் செய்தியைச் சொல்ல வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் உள்ளே ருசி பார்க்கப் போனதால், வாசலைப் பார்த்துக்கொள்ள இவரைத்தான் நிறுத்தியிருந்தார்கள். வாட்ச்மேன் நாற்காலியில், வாட்ச்மேன் தொப்பியோடு, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கேட்கப் பயந்துகொண்டு நின்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல செய்தியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடம் அந்த வாய் என்னைக் காக்கவைத்ததை நினைத்ததும், என் வாய்க்கு என்ன ஆனதோ.

"ஐஸ்கிரீம்காரம்மாவுக்குத்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்தத் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அழுதார். தன் அப்பா இறந்த அன்றுகூட அழாத மனுஷன், தொழிற்சாலை வாசலில், வேலைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

"உனக்குக் கிடைச்சிருக்க வேண்டியது. நான்தான் கெடுத்தேன். அன்னிக்கே முறையாப் போட்டிருந்தா… அந்தச் சாறு… நான்தான்மா…"

வாசலுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எனக்குத்தாங்க கிடைச்சிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொப்பியைப் பிடித்து இழுத்து, "எனக்குத்தான்! திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க! சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்யா!" என்று கத்தினேன்.

ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தார். முறைக்கலாமா சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வெச்சுக்குங்க, கேட்டத் திறங்கய்யா!" என்று கூப்பாடு போட்டார். இவர் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார், பூட்டில் சாவி நுழையவில்லை, தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நான் போய்ச் சாவி இருந்த கையைப் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் ஹாரனை நிறுத்தவே இல்லை. அடிக்கட்டும் என்று இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.